வழுவும் வழுவமைதியும்: பிளாஸ்டிக் பாகங்களைக் கணனிக்கு வகைப்படுத்திக் காட்டிய வரலாறு

சொல்லிலக்கணம் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர் எவரும் முதலில் எடுத்துக்கொள்வது திணையையே. எழுவாய் உயர்திணையா அஃறிணையா என்பது தெரியாமற் பயனிலையை முடிக்க இயலாது. 'ஆசிரியர் வந்தது' என்று ஒரு மாணவன் எழுதினால், எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லாவிடினும் வாக்கியம் பிழையாகிவிடும். இதனைத் திணைவழு என்பர். ஆனால், தான் வளர்த்த பசுவைக் கண்ட ஒருவர் அன்பு மிகுதியினால் அதனைத் தாயாகப் பாவித்து 'வந்தாள்' என்று கூறுவாராயின், இலக்கணம் அதனை வழுவமைதி என ஏற்றுக்கொள்கின்றது. காரணம் அறிந்து செய்வது வழுவமைதி. அறியாது செய்வது வழு.

இவ்வேறுபாடு மொழிக்கு மட்டும் உரியதன்று. நாம் நாள்தோறும் கையாளும் வாளி, நாற்காலி, மின்செருகி, பற்தூரிகை ஆகியவற்றை வார்க்கும் தொழிலிலும் இதே கேள்வி எழுகின்றது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எவ்வாறு ஓடும் என்பதைக் கணனி முன்கூட்டியே கணித்துக் கூற வேண்டுமாயின், வார்க்கப்படும் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மனிதர் முதலிற் சொல்லியாக வேண்டும். மெல்லிய ஓடா? திண்மமான கட்டியா? உள்ளே உலோகத்தைத் தாங்கியதா? அந்த முதற் சொல் பிழைத்தால், அதன்பின் வரும் இலட்சக்கணக்கான பெருக்கல்களும் வகுத்தல்களும் பிழையற்றவையாக இருந்தும் முடிவு பிழைத்துவிடும். கணனி அதனைச் சுட்டிக்காட்டும் என்று நம்பியிருக்கவும் முடியாது. சொல்லப்பட்டதைச் சொன்னபடி கணிப்பதே அதன் தொழில்.

ஊசிவார்ப்பு என்றால் என்னவென்று எம்மவரிற் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. 1980களிலும் 1990களிலும் அகதிகளாக வந்து சேர்ந்தவர்களுள், 'மோல்டிங் மெசின்' முன்னே இரவு பகலாக நின்று குடும்பத்தைக் காத்தவர்கள் உளர். இயந்திரத்தை அவர்கள் அறிவர். அதற்குப் பின்னே நிற்கும் கணக்கின் வரலாறே எம்மவரிடையே அதிகம் பேசப்படாதது. அவ்வரலாற்றைக் கலைப்பட்டதாரி ஒருவருக்கு இயன்ற மொழியிற் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யானைத் தந்தமும் ஊசிக்குழாயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் பில்லியர்ட் விளையாட்டுக்கான பந்துகள் யானைத் தந்தத்திலே கடையப்பட்டன. தந்தம் அருகி விலை ஏறவே, மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு நியூயோர்க் நிறுவனமொன்று 10,000 டொலர் பரிசு அறிவித்தது. அதனால் தூண்டப்பட்டவர்களுள் ஒருவர் ஜோன் வெஸ்லி ஹயற் என்னும் அச்சுத் தொழிலாளி. அவரது முயற்சியின் விளைவாக 1869 ஆம் ஆண்டளவில் செலுலொயிட் உருவாயிற்று. 1872 இல் ஹயற்றும் அவருடைய சகோதரர் ஐசேயாவும் அப்பொருளைச் சூடாக்கிய உருளையினுள் இட்டு, தண்டொன்றினால் தள்ளி, சிறு வாயிலூடாக வெளியேற்றும் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். வைத்தியரின் ஊசிக்குழாயைப் பெரிதாக்கி இரும்பிற் செய்தால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருந்தது அது. இன்றைய ஊசிவார்ப்பு இயந்திரங்களுக்கெல்லாம் மூதாதை அதுவே.

செலுலொயிட் எளிதிலே தீப்பற்றுவது. தீ அபாயம் குறைந்த செலுலோசு அசற்றேற்றை அச்சினுள் ஊசிமூலம் செலுத்தும் முறையை 1919 இல் வளர்த்தவர் ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஆதர் ஐக்கன்குரூன். அவர் யூதர். தம் நாட்டின் கைத்தொழிலுக்கு இத்தனை செய்தவரை நாசி அரசு 1944 இல் தெரேசியன்ஸ்ராட் முகாமில் அடைத்தது. 1945 இல் விடுதலை பெற்ற அவர் 1949 இல் மறைந்தார். சொந்த நாட்டிலே அந்நியராக்கப்பட்ட ஒருவரின் கைவண்ணமும் இத்தொழிலின் அடித்தளத்தில் இருக்கின்றது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் தகும்.

1946 இல் அமெரிக்கர் ஜேம்ஸ் ஹென்றி தள்ளுதண்டுக்குப் பதிலாகத் திருகைப் பயன்படுத்தினார். சுழலும் திருகு, பிளாஸ்டிக் மணிகளைப் பிசைந்து சீராக உருக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வீட்டுப் பொருட்கள் மலிவாகப் பெருகியதற்கு இத்தகைய முன்னேற்றங்கள் பெருங்காரணமாயின.

உருக்கைச் செதுக்கியோரின் காலம்

இயந்திரம் முன்னேறியது; ஆயினும் அச்சை வடிவமைக்கும் கலை நெடுங்காலம் அனுபவத்தையே நம்பியிருந்தது. எங்கே வாயில் வைப்பது, எத்தனை வாயில்கள் வைப்பது, சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பவற்றை மூத்த கைவினைஞர் தம் கைப்பழக்கத்தாலே தீர்மானித்தனர். உருக்கிலே அச்சைச் செதுக்கி, இயந்திரத்திற் பூட்டி, வார்த்துப் பார்த்த பின்னரே உண்மை தெரியவரும். ஒரு மூலை நிரம்பாது போகலாம். தடித்த இடத்தின் மேற்பரப்பிற் குழி விழலாம். இரண்டு பாய்ச்சல்கள் சந்தித்த இடத்திற் கோடு தோன்றி அங்கே முறியலாம். ஆறியபின் பொருள் முழுவதும் கோணலாகலாம். அப்போது அச்சைத் திருத்த வேண்டும். உருக்கை மேலும் செதுக்கிக் குறைப்பது எளிது. செதுக்கியதை மீண்டும் நிரப்புவதோ கடினமும் செலவும் மிக்கது. எனவே அறிந்தோர் முதலில் உருக்கைச் சற்றுக் கூடுதலாகவே விட்டுவைத்து, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்தனர்.

வார்ப்பதற்கு முன்னரே அறிய வழியில்லையா என்ற கேள்வி இவ்விடத்திலேதான் பிறந்தது.

அச்சுக்குள் நிகழ்வது

கேள்வி எளிது, விடை எளிதன்று. இருநூறு பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கப்பட்ட பிளாஸ்டிக், அதைவிட மிகக் குளிர்ந்த உருக்குச் சுவரைத் தொட்டவுடன் அங்கே உறைந்து ஒட்டிக்கொள்கின்றது. பின்னால் வருவது இரண்டு உறைந்த படைகளுக்கு நடுவே புகுந்து முன்னேறுகின்றது. எனவே போகும் வழியே போகப் போக ஒடுங்குகின்றது. அதேவேளை, வேகமாகத் தள்ளப்படும்போது உருகிய பிளாஸ்டிக் இளகி இலகுவாக ஓடும். வேகம் குறைந்தால் தடித்துத் தயங்கும். வெப்பநிலை ஓட்டத்தை மாற்றுகின்றது; ஓட்டம் வெப்பநிலையை மாற்றுகின்றது. ஒன்றை அறியாமல் மற்றொன்றை அறிய முடியாத இந்தப் பிணைப்பே கணக்கின் சிக்கல்.

இச்சிக்கலில் எல்லாவற்றிலும் மேலாக ஆட்சி செலுத்துவது தடிப்பு. ஒடுங்கிய இடைவெளியில் ஒரு திரவத்தை அதே அளவில், அதே வேகத்தில் ஓட்டும்போது, இடைவெளி பாதியானால் தேவைப்படும் அமுக்கம் எட்டு மடங்காகும். பிளாஸ்டிக் வேகத்தில் இளகுவதால் அம்மடங்கு சற்றுக் குறையலாம்; ஆயினும் ஏற்றம் பெரிதே. ஆறும் நேரமோ தடிப்பின் வர்க்கத்தோடு கூடுகின்றது. இரண்டு மில்லிமீற்றர்ச் சுவரை நான்கு மில்லிமீற்றர் ஆக்கினால் ஆறும் நேரம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். ஆகவே ஒரு பொருளைக் கணனிக்கு விவரிக்கும்போது அதன் தடிப்பை எவ்வாறு சொல்கிறோம் என்பதே முதன்மையான கேள்வி. பாகங்களை வகைப்படுத்திய வரலாறு, சுருங்கச் சொன்னால், தடிப்பைச் சொல்லக் கற்றுக்கொண்ட வரலாறாகும்.

பட்டை, வட்டு, குழாய்

1950 ஆம் ஆண்டை அண்டி அமெரிக்காவில் ஸ்பென்சர், கில்மோர் ஆகிய இருவர் பொலிஸ்ரைறீன் அச்சை நிரப்பும் விதத்தை அளந்து ஆராய்ந்தனர். 1972 இல் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மூசா கமாலும் கெனிக்கும் நிரப்புதல், அழுத்துதல், ஆறுதல் ஆகிய கட்டங்களைச் சமன்பாடுகளாக எழுதிக் கணனியிற் தீர்த்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அரைவட்ட வடிவான ஒரு மெல்லிய தகடு. மையத்தில் நுழையும் பிளாஸ்டிக் விசிறிபோல விரிந்து செல்வது.

அக்காலக் கணிப்பு முறைகள் அறிந்த வகைகள் மிகச் சில: நேராக ஓடும் பட்டை, விசிறியாக விரியும் வட்டு, உள்ளே துளையுடைய குழாய். உலகத்துப் பொருட்களெல்லாம் இம்மூன்றில் அடங்கா என்பதை அவ்வாய்வாளர்கள் நன்கறிவர். ஆயினும் தீர்க்கக்கூடிய கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். அரிச்சுவடியிலிருந்தே எழுத்துத் தொடங்குகின்றது.

விரித்த பெட்டி

1978 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கொலின் ஒஸ்ரின் என்னும் பொறியியலாளர் மோல்ட்புளோ நிறுவனத்தைத் தொடங்கினார். ஆய்வுகூடத்தின் அரைவட்டத் தகட்டுக்கும் சந்தையில் விற்கும் வாளிக்குமிடையே இருந்த தூரத்தைக் கடக்க அவர் கையாண்ட வழி எளிமையானது. கடுதாசிப் பெட்டியின் ஓரங்களைப் பிரித்து நிலத்தில் விரித்தால் அது தட்டையான ஒரு வடிவமாகிவிடும் அல்லவா? அவ்வாறே பிளாஸ்டிக் பொருளையும் மனத்தால் விரித்து, பட்டைகளாகவும் விசிறித்துண்டுகளாகவும் பிரித்து, வாயிலிலிருந்து ஒவ்வொரு அந்தம் வரையுமுள்ள பாதையைத் தனித்தனியே கணித்தார்கள். எல்லாப் பாதைகளும் ஒரே நேரத்தில், ஒரே அமுக்கத்தில் நிரம்புமாறு சுவரின் தடிப்பையும் வாயிலின் இடத்தையும் மாற்றிச் சீர்செய்வதே குறிக்கோள். தொழிற்சாலைகள் கணனிக் கணிப்பை நம்பிப் பணம் செலவிடத் தொடங்கியது இம்முறையோடுதான் எனலாம்.

இங்கே ஒரு குறை இருந்தது. பிளாஸ்டிக் எந்த வழியாக ஓடும் என்பதைக் கணிப்பவர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். எதனை அறிய விரும்பினாரோ அதனையே முதலிற் சொல்ல வேண்டியதாயிற்று. அனுபவமுள்ளவர் கையில் இது வழுவமைதி. அனுபவமற்றவர் கையில் இலக்கங்கள் நிறைந்த வழு.

மேற்கு ஜேர்மனியின் ஆகன் நகரில், பிளாஸ்டிக் பதனிடலுக்கென 1950 இல் நிறுவப்பட்ட ஆய்வு நிறுவகத்தாரும் இதே சிக்கலோடு மல்லாடினர். அவர்கள் வரைதாளிலே கவராயம் கொண்டு பாய்ச்சலின் முன்விளிம்பை வில் வில்லாக வரைந்து சென்றனர். ஒளியலை பரவும் விதம் பற்றி ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ் பதினேழாம் நூற்றாண்டிற் கூறிய கருத்தே இதற்கு அடிப்படை. தடித்த இடத்தில் வில் வேகமாகப் பெருகும். மெல்லிய இடத்தில் மெதுவாகப் பெருகும். இரண்டு விற்கள் சந்திக்கும் இடத்தில் ஒட்டுக்கோடு விழும். கணனியில்லாத சிறு பட்டறையும் இதனைச் செய்யலாம்.

நடுத்தளம்

அடுத்த படிக்கு வழிகாட்டியது எண்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பரிசோதனை. லிவர்பூலிற் பேராசிரியராக இருந்த ஹென்றி செல்பி ஹீல்-ஷோ, மிக அண்மையாக வைக்கப்பட்ட இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே திரவத்தைச் செலுத்தி, நிறமூட்டிய இழைகளால் அதன் ஓட்டத்தைக் கண்ணுக்குக் காட்டினார். ஆண்டு 1898. தகடுகள் போதிய அளவு நெருங்கியிருக்குமாயின் தடிப்பின் குறுக்கே அமுக்கம் மாறுவதில்லை என்று கொள்ளலாம். ஓட்டத்தின் சமன்பாடு வியக்கத்தக்க எளிமை பெறும்.

பிளாஸ்டிக் அச்சும் நெருங்கிய இரண்டு சுவர்கள்தாமே? அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் 1974 இல் ஊசிவார்ப்பு ஆய்வுத் திட்டமொன்று தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய கே. கே. வாங், விமானவியல் கற்ற எஸ். எவ். ஷென் ஆகிய இருவரும் சீனாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர்கள். 1980 இல் ஹீபரும் ஷென்னும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் திருப்புமுனையாயிற்று. பொருளின் இரு முகங்களுக்கும் சரி நடுவே ஒரு தளத்தைக் கற்பனை செய்து, அதனைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அதன் தடிப்பு இவ்வளவு என்று ஓர் இலக்கத்தைக் கொடுத்தனர். ஓட்டத்தைத் தளத்தின் மீதும், வெப்பத்தைத் தடிப்பின் குறுக்கேயும் கணித்தனர். இரு பரிமாணத்துக்கும் முப்பரிமாணத்துக்கும் இடைப்பட்ட இதனை 'இரண்டரைப் பரிமாணம்' என்று துறைசார்ந்தோர் கூறுவர்.

இப்போது பாதையை எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. முன்விளிம்பு எங்கே செல்கிறது, எங்கே சந்திக்கிறது, காற்று எங்கே சிறைப்படுகிறது என்பதைக் கணனியே கூறிற்று. கோர்ணெல் ஆய்வின் வழிவந்தவர்கள் 1986 இல் நிறுவனமொன்றை அமைத்து, சி-மோல்ட் என்ற மென்பொருளை வெளியிட்டனர்.

எனினும் நடுத்தளம் என்பது உலகில் இல்லாத ஒரு பொருள். வாளிக்கு உட்புறம் உண்டு, வெளிப்புறம் உண்டு. நடுப்புறம் ஒன்றைத் தொட்டவர் எவருமில்லர். 1980களின் இறுதியிலிருந்து வடிவமைப்பாளர்கள் கணனியில் முழுத் திண்ம உருவங்களை வரையத் தொடங்கினர். அவ்வுருவத்திலிருந்து நடுத்தளத்தை மீண்டும் பிரித்தெடுப்பதற்கு மனிதர் அமர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. கணக்குச் சில மணி நேரத்தில் முடிய, கணக்குக்கு ஆயத்தம் செய்வதிற் பல நாட்கள் கழிந்தன.

இரு தோல்கள்

இந்த இடரைத் தீர்க்க மோல்ட்புளோ நிறுவனத்தார் 1990களின் பிற்பகுதியிற் புதியதோர் உபாயம் கண்டனர். அதற்கு 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நடுத்தளத்தைத் தேடாமல், பொருளின் உட்தோலையும் வெளித்தோலையும் அவ்வாறே எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று எதிரே உள்ள முக்கோணங்களைச் சோடி சேர்த்தனர். சோடிகளுக்கிடையே உள்ள தூரமே தடிப்பு. இரண்டு தோல்களிலும் ஓட்டம் ஒத்து முன்னேறுமாறு அவற்றை இணைத்தனர். வடிவமைப்பாளரின் திண்ம உருவத்திலிருந்து நேராகக் கணிப்புக்குச் செல்லும் வழி இவ்வாறு திறந்தது.

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: தோல்கள் ஒத்துப்போக வேண்டும். நூற்றுக்கு 85 பங்காவது முக்கோணங்கள் தம் சோடியைக் கண்டுகொள்ளாவிடின் நிரப்பற் கணிப்பை நம்பலாகாது என்பது வழக்கிலுள்ள விதி. வளைவைக் கணிப்பதற்கு அதனிலும் உயர்ந்த ஒத்திசைவு வேண்டும். கட்டியான பொருளில் எது எதற்கு எதிர்முகம்? ஒரு தேங்காய்க்கு உட்தோல் வெளித்தோல் கூறலாம்; ஒரு உருளைக்கிழங்குக்குக் கூறுவது எங்ஙனம்?

முழுத் திண்மம்

உருளைக்கிழங்குக்கு விடை முப்பரிமாணக் கணிப்பு. பொருளின் உள்ளிடம் முழுவதையும் நான்முகிகள் போன்ற சிறு திண்மங்களால் நிரப்பி, எல்லாத் திசையிலும் ஓட்டத்தையும் வெப்பத்தையும் தீர்ப்பது. இதில் மெல்லிய ஓடு என்ற பாவனை இல்லை. தாய்வானின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்து ஆய்வு மரபிலிருந்து 1995 இல் தோன்றிய கோர்ரெக் நிறுவனமும், 2001 இல் சாங், யாங் ஆகியோர் வெளியிட்ட முப்பரிமாண முறை பற்றிய கட்டுரையும் இவ்வழியில் முக்கிய மைல்கற்கள். ஜேர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வகை வளர்ந்தது.

இதற்கும் விலை உண்டு. வெப்பநிலை மாற்றம் மிகக் கூர்மையாக நிகழ்வது சுவரை அடுத்த மெல்லிய படையிலேதான். அதனைப் பிடிக்கத் தடிப்பின் குறுக்கே பத்து அடுக்கு வரை திண்மங்கள் வேண்டும். மெல்லிய பெரிய பொருளொன்றை இவ்வாறு பிரித்தால் அவற்றின் தொகை இலட்சங்களைத் தாண்டிவிடும். அடுக்குகளைக் குறைத்துவிட்டு 'முப்பரிமாணம் செய்தோம்' என்று பெருமை பேசுவோரின் விடை, ஒழுங்காகச் செய்த நடுத்தளக் கணிப்பைவிடத் தாழ்ந்ததாகவும் இருக்கலாம்.

நிறுவனங்களின் கதை இதன்பின் விரைவாக ஓடிற்று. 2000 இல் மோல்ட்புளோ தன் போட்டியாளரான சி-மோல்டை வாங்கியது. 2008 இல் மோல்ட்புளோவை அமெரிக்காவின் ஒட்டோடெஸ்க் வாங்கியது. ஆயினும் புதிய வகை பழையதை அழித்துவிடவில்லை. நடுத்தளமும் இருதோலும் முழுத்திண்மமும் ஒரே மென்பொருளில் அருகருகே வாழ்ந்தன. எதனைத் தெரிவது என்ற பொறுப்பு மனிதரிடமே தங்கிற்று.

தெரிவது எங்ஙனம்?

பொறுப்பை உணர்வதற்கு நம் வீட்டுப் பொருட்களையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் வாளி எங்கும் மெல்லிய ஒரே சீரான சுவர். அதற்கு நடுத்தளமே போதும். மெல்லோட்டு வகைகளுக்குப் பொதுவானதோர் அளவுகோல் உண்டு: எந்தப் பகுதியிலும் நீளமும் அகலமும் தடிப்பைப்போல நான்கு மடங்குக்குக் குறையலாகாது; கூடக் கூட நன்று. உட்புறம் பல விலாக்கள் ஓடும் மின்கருவியின் கூட்டுக்கு இருதோல் வகை வசதியானது. குறுகித் தடித்த மின்செருகிக்கோ இந்த அளவுகோல் பொருந்தாது. அதற்கு முழுத்திண்மம் வேண்டும்.

அம்மின்செருகியில் இன்னொரு கேள்வியும் உண்டு. அதனுள்ளே பித்தளை முனைகள் பதிந்திருக்கின்றன. அவை பிளாஸ்டிக் ஓடுவதற்கு முன்னரே அச்சில் வைக்கப்பட்டவை. கணனிக்கு அவற்றை 'உள்ளீடு' என்று வேறாக அறிவிக்க வேண்டும். பித்தளை வெப்பத்தை விரைவாக இழுக்கும். அதனை அடுத்த பிளாஸ்டிக் வேறு விதமாக ஆறும். இருநிறப் பற்தூரிகையில் நிலைமை மேலும் நுட்பமானது. முதலிற் கடினமான கைபிடி வார்க்கப்படுகின்றது. அப்போது அதுவே பாகம். பிறகு அதன்மீது மென்மையான இரண்டாவது பொருள் வார்க்கப்படும்போது, முன்னர்ப் பாகமாக இருந்தது இப்போது உள்ளீடாகிவிடுகின்றது. அதனை மறந்து அச்சின் உருக்கு என்று கூறிவிட்டால், கணக்கிலே இரண்டாம் படை உண்மையைவிட விரைவாக ஆறிவிடும். ஏனெனில் உருக்கு வெப்பத்தைக் கடத்தும், பிளாஸ்டிக் தேக்கி வைத்திருக்கும். இவ்வாறே ஓடுவழி, குளிர்நீர்ப் பாதை, அச்சுத்தொகுதி என ஒவ்வொன்றுக்கும் அதனதன் பெயரும் பணியும் சூட்டிய பின்னரே கணிப்புத் தொடங்கலாம். திணையும் வேற்றுமையும் அறிந்து வாக்கியம் அமைப்பது போன்றதே இது.

பழி யாருக்கு?

இவற்றையெல்லாம் அகதிக் குடும்பங்கள் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கின்றது.

இக்கட்டுரையாளர் சில காலம் இரவு வேலை செய்த தொழிற்சாலை ஒன்றில், மூடியும் கீழ்ப்பாகமும் மெல்லிய மடிப்பினால் இணைந்த ஒரு சிறு பெட்டி வார்க்கப்பட்டது. மடிப்பு அடிக்கடி முறிந்தது. மேற்பார்வையாளர் பழியை இரவு வேலையாட்கள் மீது சுமத்தினார். பகலில் ஒழுங்காக வருவது இரவிற் கெடுகிறதாம். எம்முள் ஒருவரின் வேலைநேரம் குறைக்கப்பட்டது. ஆங்கிலம் தடுமாறும் நால்வர் என்ன வாதாட முடியும்? அச்சில் இரு வாயில்கள் இருந்தன: மூடிக்கு ஒன்று, கீழ்ப்பாகத்துக்கு ஒன்று. இரு பக்கத்துப் பாய்ச்சலும் மடிப்பிலே வந்து சந்தித்தன. ஒட்டுக்கோடு, நாள்தோறும் மடிந்து விரிய வேண்டிய அந்த இடத்திலேயே விழுந்தது. பின்னர் அச்சு திருத்தப்பட்டு வாயிலின் இடம் மாறியதும் குறை நீங்கிற்று. குறைக்கப்பட்ட வேலைநேரம் மட்டும் திரும்பவில்லை.

இயந்திரம் ஓட்டுபவரால் நேரும் குறைகளும் உள. ஈரம் போகாத பிளாஸ்டிக், தவறிய வெப்பநிலை, அவசரமாகத் திறந்த அச்சு ஆகியன அத்தகையவை. ஆனால் சந்திப்புக் கோட்டின் இடமும், தடித்த விலாவுக்கு எதிர்ப்புறத்துக் குழியும், சீரற்ற சுவரால் வரும் கோணலும் பெரும்பாலும் வரைபடத்திலேயே பிறந்துவிடுகின்றன. உருக்குச் செதுக்கப்படுமுன், ஒருவர் ஒரு பொருளுக்கு வகை சூட்டிய அந்த மேசையிலே அவற்றிற் பலவற்றைக் கண்டிருக்கலாம். மடிப்பின் தடிப்பைச் சரியாகக் கூறிய எளிய மெல்லோட்டுக் கணிப்புக்கே அப்பெட்டியின் ஒட்டுக்கோட்டைக் காட்டும் ஆற்றல் உண்டு. இதனை அறிந்த தொழிலாளி, தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. 'கோடு ஒவ்வொரு துண்டிலும் ஒரே இடத்தில் விழுகின்றது. வாயிலைப் பாருங்கள்' என்று கூறலாம். ஒரே இடத்தில் மாறாது தோன்றும் குறை கைத்தவறாக இருத்தல் அரிது.

தீர்ப்பு வழங்கும் இடம்

இவ்வரலாற்றில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மேலே கூறிய முறைகள் எவையாயினும் இறுதியிற் சோதிக்கப்படும் இடம் ஒன்றே. இயந்திரத்தில் வேண்டுமென்றே பிளாஸ்டிக்கைக் குறைத்துச் செலுத்தி, கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என அரைகுறையாக நிரம்பிய துண்டுகளை வரிசையாக எடுத்து வைப்பார்கள். கணனி வரைந்த முன்விளிம்பை அத்துண்டுகளின் விளிம்போடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்தால் சூட்டிய வகை சரி. ஒவ்வாவிடின் வகையையோ தடிப்பையோ பொருளின் குணங்களையோ மீள ஆராய வேண்டும். ஆய்வுகூடத்து அறிஞரும் இந்தத் துண்டுகளுக்கே தலைவணங்கினர். அத்துண்டுகளை இயந்திரத்திலிருந்து எடுத்து வரிசைப்படுத்தும் கை ஒரு தொழிலாளியின் கை.

எனவே பெற்றோருக்கு ஒன்று கூறுவோம். பழுதான துண்டை வீசிவிடாது, எந்நேரம், எந்த இடத்தில், எத்தனையாவது துண்டு என்று குறித்து வையுங்கள். அக்குறிப்பு உங்களைக் காக்கும், பொறியியலாளருக்கும் உதவும். பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். பொறியியல் கற்று இம்மென்பொருளின் முன் அமரும்போது, வகை தெரியும் பெட்டியில் அவசரமாக விரலை அழுத்தாதீர்கள். இப்பொருள் உண்மையில் எத்தகையது, நான் செய்யும் பாவனைக்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். ஐயமாயின், இருபது ஆண்டுகள் இயந்திரத்தின் முன் நின்ற தந்தையிடமோ தாயிடமோ அப்பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். விரலால் தடவிப் பார்த்தே எவ்விடம் கடைசியில் நிரம்பியது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.